வில்லியம் வைலர்: குண்டுவீச்சு விமானத்துக்குள் கமராவோடு போனவர்

1943 பெப்ரவரி 26. இங்கிலாந்தின் பாசிங்பேர்ன் விமானத்தளத்திலிருந்து ஜேர்மனியை நோக்கிப் புறப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில், விமானம் ஓட்டவோ குண்டு போடவோ தெரியாத ஒருவர் இருந்தார். வயது 40. கையில் இருந்தது 16 மில்லிமீற்றர் கமரா. அன்றைய இலக்கான பிறேமன் நகரம் மேகத்தில் மறைந்துவிட, விமானங்கள் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தின் பக்கம் திரும்பின. கீழேயிருந்து எறிகணைகள் வந்தன. பக்கவாட்டில் ஜேர்மன் சண்டை விமானங்கள் வந்தன. அவர் கமராவைத் தூக்கினார். அது குளிரில் உறைந்துபோய் ஓட மறுத்தது.

இது நடந்து ஆறாம் நாள், மார்ச் 4 அன்று, லொஸ் ஏஞ்சல்ஸில் ஒஸ்கார் விருது விழா. சிறந்த இயக்குநருக்கான விருது ‘மிஸிஸ் மினிவர்’ என்ற படத்துக்காக அதே மனிதருக்குக் கிடைத்தது. அவருடைய மனைவிதான் மேடையேறி வாங்கினார். அவர் இங்கிலாந்தின் ஈரமும் சேறும் நிறைந்த ஒரு விமானத்தளத்தில், கமராவுக்கு எப்படிச் சூடேற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் வில்லியம் வைலர். ‘பென்ஹர்’ படத்தின் தேரோட்டக் காட்சியையும் ‘ரோமன் ஹொலிடே’ படத்தின் இளவரசியையும் அறிந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அவற்றை எடுத்தவர் போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் விமானப்படைக்காகப் படம் பிடித்தார் என்பதும், அதிலே தன் செவியை இழந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது.

வைலர் 1902 ஜூலை 1 அன்று முல்ஹவுஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அது பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருக்கும் நகரம். அவர் பிறந்தபோது அது ஜேர்மனிக்குச் சொந்தம். தகப்பன் சுவிற்சர்லாந்துக்காரர், நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். 1914 ஓகஸ்ட்டில் முதலாம் உலகப்போர் தொடங்கிய சில நாட்களுக்குள் அந்த நகரைப் பிரெஞ்சுப் படை பிடித்தது, ஜேர்மன் படை மீட்டது, மறுபடி பிரெஞ்சுப் படை பிடித்தது, மறுபடி ஜேர்மன் படை மீட்டது. கொடியும் சீருடையும் வீதியில் மாறிக்கொண்டே இருந்ததைப் பன்னிரண்டு வயதுப் பையனாகப் பார்த்தவர் வைலர். இன்று யார் கட்டுப்பாட்டில் இருக்கிறோம் என்று காலையில் எழும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தாயின் உறவுக்காரர் ஒருவர் அமெரிக்காவில் பெரிய ஆள். யுனிவர்சல் படநிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் லெம்லே. அவருடைய தயவில் 1920 இல் வைலர் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். எடுபிடி வேலையிலிருந்து தொடங்கி, ஹொலிவூட்டுக்கு மாறி, மலிவான குதிரைச் சண்டைப் படங்களை வரிசையாக எடுத்துத் தொழில் பழகினார். 1930களின் நடுப்பகுதியில் அவர் பெயர் பெரிதாகிவிட்டது. கூடவே ஒரு கெட்ட பெயரும் வந்தது. ஒரே காட்சியை முப்பது தரம், நாற்பது தரம் திரும்பத் திரும்ப எடுப்பார். எது பிழை என்றும் சொல்ல மாட்டார். இன்னொரு தரம் என்பார், அவ்வளவுதான். பெரிய நடிகர்கள் அழுதிருக்கிறார்கள், சண்டை பிடித்திருக்கிறார்கள். பிறகு அதே நடிகர்கள் அவருடைய படத்துக்காக விருது வாங்கியிருக்கிறார்கள்.

அதேநேரம், ஹிட்லரின் ஆட்சி இறுகியபோது முல்ஹவுஸிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த உறவினர்களையும் தெரிந்தவர்களையும் அமெரிக்காவுக்கு எடுக்கப் பொறுப்புக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். சிலரை எடுக்க முடிந்தது. எல்லோரையும் முடியவில்லை.

1942 இல் அமெரிக்க விமானப்படை அவரை மேஜர் பதவியில் சேர்த்துக்கொண்டது. அவருக்கு இராணுவப் பயிற்சி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் நிலைகொண்ட எட்டாவது விமானப்படையின் பகற்குண்டுவீச்சைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும், அதுதான் வேலை. ஒலிப்பதிவாளர் ஹரோல்ட் டனன்போம், ஒளிப்பதிவாளர் வில்லியம் குளோதியர் உள்ளிட்ட ஒரு சிறு குழு அவருடன் போனது. கப்பலில் அனுப்பிய 35 மில்லிமீற்றர் கமராக்களும் மற்றக் கருவிகளும் சொன்ன காலத்தில் வந்து சேரவில்லை. கையில் பிடிக்கும் சிறிய 16 மில்லிமீற்றர் கமராக்களைக் கொண்டே தொடங்க வேண்டியதாயிற்று. வசதிக்குறைவால் வந்த இந்த மாற்றமே பின்னர் நல்லதாகப் போயிற்று. பெரிய கமராவோடு அந்த விமானத்துக்குள் அசையவே முடிந்திராது.

பறப்பதற்கும் உடனே அனுமதி இல்லை. சும்மா இருக்கும் பயணிக்கு அந்த விமானத்தில் இடம் கிடையாது. எனவே வைலரும் குழுவும் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்கள். இயந்திரத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும், தூரத்தில் வரும் விமானம் நண்பனுடையதா எதிரியுடையதா என்று நிழலுருவை வைத்துச் சொல்லவும் படித்தார்கள். அதில் தேறிய பிறகுதான் ஏற விட்டார்கள்.

இனி, பறந்துகொண்டிருக்கும் விமானம் ஒன்றை எப்படிப் படம் பிடிப்பது என்ற விடயத்துக்கு வருவோம். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தவர்கள் வேறு கதை சொல்வார்கள்.

முதலாவது, நீங்கள் ஏறியிருக்கும் விமானத்தை நீங்கள் எடுக்க முடியாது. அதன் சிறகின் ஒரு பகுதி தெரியும், வால் தெரியும், உள்ளே இருக்கும் ஆட்கள் தெரிவார்கள். முழு விமானமும் வானத்தில் மிதப்பதைக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு விமானம் பறக்க வேண்டும், அதற்குள் கமரா இருக்க வேண்டும். சமாதான காலத்தில் இதற்கென்றே ஒரு கமரா விமானத்தை ஏற்பாடு செய்து, இரண்டு விமானிகளும் முன்கூட்டியே நிலத்தில் கதைத்துப் பேசி, எந்த உயரம், எந்தத் திசை, சூரியன் எந்தப் பக்கம் என்றெல்லாம் ஒத்திகை பார்த்த பிறகு ஏறுவார்கள். வைலருக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. பீ-17 விமானங்கள் தனியே போவதில்லை. ஒன்றையொன்று காப்பதற்காக நெருக்கமான அணியாகப் பறக்கும். எனவே எந்தச் சன்னலால் பார்த்தாலும் பக்கத்து விமானம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். எதிரிக்குப் பயந்து அமைத்த அணிவகுப்பு, படம் பிடிப்பவனுக்கு வாய்ப்பாகிவிட்டது.

இரண்டாவது, வேகம். மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் இரண்டு விமானங்கள் ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாகப் போனால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றது அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும். பின்னணியில் வெறும் நீல வானம் மட்டும் இருந்தால் திரையில் வேகமே தெரியாது. மேகம் வேண்டும். மேகம் பின்னால் ஓடினால்தான் விமானம் முன்னால் ஓடுகிறது என்று நம் கண் நம்பும். இதை ஹொலிவூட் முன்பே கற்றிருந்தது. முதலாம் உலகப்போரில் விமானியாக இருந்த வில்லியம் வெல்மன் 1927 இல் ‘விங்ஸ்’ படத்தை எடுத்தபோது, டெக்சாஸில் நல்ல மேகம் வரும்வரை நாட்கணக்காகப் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தார். செலவுக் கணக்குப் பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் கமராவை விமானி இருக்கைக்கு முன்னால் பொருத்தி, நடிகர்களே மேலே போய் அதை முடுக்கி, நடித்துவிட்டு இறங்கினார்கள். வைலரால் மேகத்துக்காகக் காத்திருக்க முடியாது. மேகம் மூடினால் இலக்குத் தெரியாது, பறப்பே நிற்கும். குண்டு போடுகிறவனுக்கு மேகமில்லாத வானம் வேண்டும், படம் பிடிக்கிறவனுக்கு மேகமுள்ள வானம் வேண்டும். நல்லகாலமாக, அந்த உயரத்தில் விமானங்களே தங்கள் பின்னால் வெள்ளைக் கோடுகளை இழுத்துச் சென்றன. இயந்திரப் புகையிலுள்ள நீராவி குளிரில் உறைவதால் வரும் கோடுகள் அவை. அவருடைய படத்தின் அழகான காட்சிகள் பல அந்தக் கோடுகளால் ஆனவை. அதே கோடுகள்தான் கீழே இருந்த பீரங்கிக்காரனுக்கும் வழி காட்டின.

மூன்றாவது, குளிர். பீ-17 இன் உட்புறம் இன்றைய பயணிகள் விமானம்போல அடைத்துக் காற்று நிரப்பியதல்ல. நடுப்பகுதியின் இரண்டு பக்கச் சன்னல்களும் துப்பாக்கிக்காகத் திறந்தே இருந்தன. ஏழாயிரம் மீற்றருக்கு மேலே, உறைநிலைக்கு நாற்பது பாகை கீழே உள்ள காற்று உள்ளே அடித்தது. ஒக்சிசன் குழாய் கழன்றால் சில நிமிடங்களில் மயக்கம், அதன் பிறகு சாவு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர வேண்டுமானால் சிறிய ஒக்சிசன் போத்தலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கையுறையைக் கழற்றி வெறும் விரலால் உலோகத்தைத் தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். தடித்த கையுறையோடு கமராவின் சிறு திருகுகளைத் திருப்பவும் முடியாது. கமராவுக்குள் இருக்கும் எண்ணெய் இறுகிவிடும். பிலிம் காய்ந்த ஓலைபோல முறியும். நூறு அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிடம்கூட ஓடாது. அதை மாற்றுவதற்குள் வானத்தில் என்னென்னவோ நடந்து முடிந்துவிடும்.

நான்காவது, நடுக்கம். நான்கு இயந்திரங்களும் துப்பாக்கிகளும் சேர்ந்து அந்த விமானத்தை உதறிக்கொண்டே இருக்கும். கமராவை விமானத்தின் உடம்பில் எங்காவது சாய்த்து வைத்தால் படம் முழுக்க நடுங்கும். மனித உடம்புதான் நல்ல தாங்கி. முழங்காலை மடக்கி, முழங்கையை வயிற்றோடு ஒட்டி, நடுக்கத்தைச் சதையில் வாங்கிக்கொள்ள வேண்டும். குறுக்கே வரும் எதிரி விமானமோ ஒரு கண்வெட்டில் கடந்துவிடும். இடப்பக்கம் எறிகணை வெடிக்கும். கமராவைத் திருப்பினால் அடுத்தது வலப்பக்கம் வெடிக்கும். நாற்பது தரம் எடுத்துப் பழகிய மனிதனுக்கு அங்கே ஒரு தரம்தான் கிடைத்தது. சில வேளைகளில் அதுவும் கிடைக்கவில்லை.

வைலர் நேரடியாக ஐந்து தாக்குதல் பறப்புகளில் போனார். எதிரியிடம் அகப்பட்டால், யூதர் என்பதோடு நாஸிகளுக்கு எதிரான ‘மிஸிஸ் மினிவர்’ படத்தை எடுத்தவர் என்ற குற்றமும் சேரும் என்பதால் மேலதிகாரிகள் அவரை நிறுத்தப் பார்த்தார்கள். அவர் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் தான் ஒருவரே எல்லா விமானங்களிலும் போக முடியாது. குழுவினரைப் பிரித்து அனுப்பினார். சில விமானங்களில் துப்பாக்கி வீரர்களிடமே கமராவைக் கொடுத்தார். சில இடங்களில் கமராவை நிரந்தரமாகப் பொருத்தி வைத்தார். 1943 ஏப்ரல் 16 அன்று பிரான்ஸின் பிறெஸ்ற் துறைமுகத்தைத் தாக்கப் போன பீ-24 விமானம் ஒன்று திரும்பி வரவில்லை. அதில் கமராவோடு போனவர் ஹரோல்ட் டனன்போம். அவர் ஒலிப்பதிவாளர். போர்முனைக்கு வந்த பிறகே கமரா பிடிக்கப் பழகியவர்.

அந்தக் காலத்தில் ஒரு விமானக்குழு இருபத்தைந்து தாக்குதல்களை முடித்தால் வீடு திரும்பலாம் என்பது விதி. 1943 இன் முதற்பாதியில் அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் மிகச் சிலர். எட்டாவது விமானப்படையில் மட்டும் போர் முடியும்வரை 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வைலர் தன் படத்தின் நாயகனாக ஒரு விமானத்தைத் தேர்ந்தார். கப்டன் றொபேட் மோர்கன் ஓட்டிய ‘மெம்பிஸ் பெல்’. விமானியின் காதலி மெம்பிஸ் நகரத்துக்காரி, அதனால் அந்தப் பெயர். ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற இன்னொரு விமானம் சில நாட்கள் முந்தியே இருபத்தைந்தை முடித்துவிட்டது. ஆனாலும் வரலாறு மெம்பிஸ் பெல்லைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. காரணம், அதன் பக்கத்தில் கமரா இருந்தது.

மோர்கனின் குழு 1943 மே 17 அன்று தன் இருபத்தைந்தாவது தாக்குதலை முடித்தது. இலக்கு, பிரான்ஸின் லோரியான் துறைமுகம். ஆனால் படத்தில் அந்த இறுதிப் பறப்பு ஜேர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவனுக்குப் போவதாகக் காட்டப்படுகிறது. பல நாட்களில், பல விமானங்களிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்து ஒரே நாளின் கதையாக்கினார் வைலர். ஒலியும் அப்படித்தான். இயந்திர இரைச்சலில் மேலே எதையும் பதிய முடியாது. விமானக்குழு அமெரிக்கா திரும்பிய பிறகு அவர்களை ஹொலிவூட்டுக்கு வரவழைத்து, எதிரி வரும் திசையைச் சொல்லிக் கத்துவதை ஒலிக்கூடத்தில் பதிவுசெய்தார். நாம் படத்தில் கேட்கும் பதற்றக் குரல்கள் உண்மையான வீரர்களுடையவை. ஆனால் அவை எழுந்த இடம் வானமல்ல.

இது பொய்யா? எனக்கு இது பொய்யாகப் படவில்லை, முழு உண்மையாகவும் படவில்லை. ஒவ்வொரு துண்டும் உண்மை. அவற்றைக் கோத்த நூல் வைலருடையது. உயிரைக் கொடுத்து எடுத்த துண்டுகள் என்பதால் கோத்தவனைக் கேள்வி கேட்காமல் விட முடியாது. போர்க்காட்சிகள் எங்கே எடுக்கப்பட்டன, எப்போது எடுக்கப்பட்டன, யார் வெட்டி ஒட்டினார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்தது சும்மா இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லோரியான் என்ற பெயரைப் படத்தின் கதைக்கு வெளியே தேடினால் வேறொரு காட்சி கிடைக்கும். அங்கே ஜேர்மனியர் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகக் கட்டிய கொங்கிறீற் கொட்டகைகள் இருந்தன. 1943 இன் தொடக்க மாதங்களில் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளால் நகரம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. கொட்டகைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்றும் அவை நிற்கின்றன. அழிந்தது ஜேர்மன் நகரமல்ல, மீட்கப்பட வேண்டிய பிரெஞ்சு நகரம். ஏழாயிரம் மீற்றர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது. குண்டுகள் வரிசையாக விழுகின்றன, சிறிது நேரத்தில் கீழே வெள்ளைப் பூக்கள்போலப் புகை மலர்கிறது, ஒலி இல்லை. விமானத்தை நாம் கீழேயிருந்து அறிந்தவர்கள். கண்ணால் காணுமுன் சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய காலம் நமக்கு உண்டு. வைலரின் படத்தைப் பார்க்கும்போது அந்தப் பத்துப் பேருக்காகவும் மனம் பதைக்கிறது, அந்தப் புகைக்குக் கீழே யார் என்றும் மனம் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது சரி என்று தெரிவுசெய்ய நான் முயலவில்லை.

16 மில்லிமீற்றர் வண்ணப் பிலிமை 35 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்து, 1944 ஏப்ரலில் பாரமவுண்ட் நிறுவனம் படத்தைத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. சுமார் நாற்பது நிமிடப் படம். சனாதிபதி ரூஸ்வெல்ற் வெள்ளை மாளிகையில் பார்த்துவிட்டு, இதை நாடு முழுதும் உடனே காட்ட வேண்டும் என்று விரும்பினார். அந்தப் பெருமையோடு ஒரு தலைகுனிவும் வந்தது. வோஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் வாயில்காவலர் ஒருவர் யூதரை இழிவாகப் பேசியதைக் கேட்டு வைலர் கைநீட்டிவிட்டார். சீருடையில் இருந்த அதிகாரி பொதுமகனை அடித்ததற்காக இராணுவ நீதிமன்றம்வரை போயிருக்க வேண்டிய விடயம், எழுத்துமூலக் கண்டிப்போடு முடிந்தது. நாஸிகளோடு போரிடும் நாட்டின் தலைநகரில்தான் இது நடந்தது.

அடுத்த வேலை இத்தாலியில். கோர்சிக்கா தீவிலிருந்து பறந்த பீ-47 ‘தண்டர்போல்ற்’ விமானங்கள், எதிரிப்படைக்குப் போகும் ரயில் பாதைகளையும் பாலங்களையும் வீதிகளையும் உடைத்துக்கொண்டிருந்தன. இங்கே சிக்கல் வேறு மாதிரி. பீ-47 இல் ஒரே ஒரு இருக்கை, அது விமானிக்கு. ஒளிப்பதிவாளருக்கு இடமில்லை. எனவே ஆளில்லாத கமராக்களைப் பொருத்தினார்கள். விமானியின் தலைக்குப் பின்னால் ஒன்று, சிறகுக்குக் கீழே ஒன்று, பின்பக்கம் பார்க்க ஒன்று என்று விமானத்தைச் சுற்றிக் கண் வைத்தார்கள். விமானி முடுக்கினால் அவை ஓடும். துப்பாக்கியின் விசையோடு சேர்ந்து ஓடும் சிறு கமராக்கள் ஏற்கெனவே சண்டை விமானங்களில் இருந்தன. சுட்டது பட்டதா என்று பின்னர் பார்த்துச் சரிபிழை சொல்ல வைத்தவை அவை. வைலரும் அவருடன் சேர்ந்து இயக்கிய ஜோன் ஸ்ரேர்ஜஸும் அந்த யோசனையை நீட்டிப் பெருப்பித்தார்கள்.

இன்று கைபேசியில் நாம் பார்க்கும், விமானத்தின் முதுகில் ஒட்டிய கமராவின் காட்சிகளுக்கெல்லாம் இது ஒரு முன்னோடி. ஆனால் மனிதன் பிடிக்காத கமராவுக்கு ஒரு குணம் உண்டு. அது எதையும் விட்டு வைக்காது, எதற்கும் கண்ணை மூடாது. ‘தண்டர்போல்ற்’ படத்தில் விமானங்கள் தாழப் பறந்து ரயிலைச் சுடுகின்றன, வாகனத்தைச் சுடுகின்றன, உள்ளே ஏதேனும் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் வயலோர வீடுகளையும் சுடுகின்றன. மேலிருந்து எடுத்த மெம்பிஸ் பெல்லில் காணாத வீடுகள் இங்கே கூரையோடு, வாசலோடு தெரிகின்றன. வைலர் இந்தப் படத்தில் நிலத்துக்கும் இறங்கினார். இடிந்த இத்தாலிய ஊர்களையும், இடிபாட்டுக்குள் வாழ்ந்துகொண்டிருந்த மக்களையும் காட்டினார். மெம்பிஸ் பெல்லை விட இது என்னை அதிகம் உலுக்கிய படம். அதைப் பார்த்தவர்களோ குறைவு. படம் முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது, இராணுவத்துக்கு அது தேவைப்படவில்லை. 1947 இல்தான் மொனோகிராம் என்ற சிறு நிறுவனம் அதைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது.

முல்ஹவுஸ் 1944 நவம்பரில் விடுவிக்கப்பட்டது. வைலர் வழி தேடிப் பிடித்து ஊருக்குப் போனார். தகப்பனின் கடை இருந்த இடத்தில் இருந்தது. முன்பு அங்கே வேலை செய்த பெண் ஒருவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிடங்கள் பெரும்பாலும் நின்றன. தெரிந்த முகங்களைத் தேடினார். யூதக் குடும்பங்கள் எவையும் இல்லை. எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்பதைச் சொல்லவும் ஆளில்லை. அவர் தன் வாழ்நாளில் எடுத்த எந்தப் படத்திலும் இந்த நாள் இல்லை.

1945 ஏப்ரல். ஐரோப்பாவில் போர் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. ‘தண்டர்போல்ற்’ படத்துக்கு நிலக்காட்சிகள் சில குறைந்தன: இத்தாலியக் கரை, கோர்சிக்கா, கடல். ஆபத்தான பறப்பல்ல, சுடுவார் எவரும் இல்லை. பீ-25 விமானம் ஒன்றில் ஏறி, திறந்த பக்கத்தருகே கமராவோடு கிடந்து படம் எடுத்தார் வைலர். இரண்டு பெரிய இயந்திரங்களின் இரைச்சலும் காற்றின் அறைச்சலும் நேரே காதில் விழுந்தன. இறங்கியபோது எதுவும் கேட்கவில்லை. பறந்து இறங்கினால் காது அடைப்பது வழக்கம்தானே, சரியாகிவிடும் என்று இருந்தார். சரியாகவில்லை. நேப்பிள்ஸில் பார்த்த வைத்தியர்கள் செவிநரம்பு கெட்டுவிட்டது, திரும்பாது என்றார்கள். விமானத்தில் ஏற்றாமல் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஒரு காது முற்றாகப் போயிற்று. மற்றதில் கொஞ்சம் மிஞ்சியது. ஐந்து தாக்குதல் பறப்புகளில் கீறல்கூடப் படாத மனிதர், அழகுக்காக எடுத்த கடற்கரைக் காட்சியில் செவியை விட்டார்.

அதன் பிறகு தான் படம் எடுக்க முடியாது என்றே நினைத்தார். வீட்டுக்கு வந்தவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் பழையபடி கதைக்க முடியாமல் ஒதுங்கி இருந்தார். வழி ஒன்று படப்பிடிப்புத் தளத்திலேயே கிடைத்தது. ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த தலைக்கேள்கருவியை மாட்டிக்கொண்டு கமராவுக்குக் கீழே உட்கார்ந்தார். நடிகர்களின் குரல் பெருப்பித்து நேரே காதுக்கு வந்தது. அப்படி எடுத்த படம் 1946 இல் வந்த ‘த பெஸ்ற் இயர்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்’. போரிலிருந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூவரின் கதை. இரண்டு கைகளையும் இழந்த மாலுமியாக நடித்த ஹரோல்ட் ரசல் தொழில்முறை நடிகர் அல்ல. இராணுவப் பயிற்சியில் வெடித்த வெடிமருந்தில் உண்மையிலேயே கைகளை இழந்தவர். தயாரிப்பாளர் அவரை நடிப்பு வகுப்புக்கு அனுப்பியதைக் கேட்டு வைலர் உடனே நிறுத்தினார். இருக்கிறபடியே இருக்கட்டும் என்பது அவர் நிலை. ரசலுக்கு அந்த ஒரே வேடத்துக்கு இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. படத்துக்கும் கிடைத்தது, வைலருக்கும் கிடைத்தது.

அந்தப் படத்தில் ஒரு விமானக் காட்சி உண்டு. வைலர் எடுத்த விமானக் காட்சிகளிலேயே இதுதான் சிறந்தது என்பேன். இதில் விமானம் பறக்கவே இல்லை. குண்டுவீச்சாளராக இருந்து திரும்பி, வேலை கிடைக்காமல் அலையும் பாத்திரம், உடைத்து விற்பதற்காக வயல்போல நிறுத்தி வைத்திருக்கும் பழைய விமானங்களுக்குள் நடந்து போகிறான். கலிபோர்னியாவின் ஒன்ராறியோவில் உண்மையாகவே இருந்த விமானக் கல்லறை அது. இயந்திரங்கள் கழற்றப்பட்ட பீ-17 ஒன்றின் மூக்குக்குள் ஏறி, தன் பழைய இடத்தில் உட்காருகிறான். கமரா வெளியேயிருந்து, இயந்திரம் இருக்க வேண்டிய வெற்றிடங்களை ஒவ்வொன்றாகக் கடக்கிறது. இசை இயந்திர உறுமலைப்போல ஏறுகிறது. கமரா தாழ இருந்து விமானத்தை நோக்கி மெல்ல நகர, நிலத்தில் கிடக்கும் பிணம்போன்ற அந்த விமானம் எழும்புவதுபோல நமக்குத் தோன்றுகிறது. அவனுக்கு வியர்க்கிறது. நகர்வது எது என்று கண் ஏமாறும் இந்த வித்தையை வைலர் கற்றது இங்கிலாந்தின் வானத்தில், மேகத்தையும் பக்கத்து விமானத்தையும் பார்த்துப் பார்த்து.

அவர் செவியை எடுத்த பீ-25 விமானத்துக்குப் போருக்குப் பின் ஒரு புதுவாழ்வு கிடைத்தது. போல் மான்ற்ஸ் என்ற துணிகரமான ஹொலிவூட் விமானி, ஒரு பீ-25 இன் மூக்கில் கமரா வைத்துப் பறந்து படம் பிடிக்கும் விமானமாக மாற்றினார். 1952 இல் வந்த முதலாவது சினராமா படத்தின் வான்காட்சிகள் அப்படி வந்தவை. அவரும் 1965 ஜூலையில், ஒரு திரைப்படத்துக்காகப் பறந்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார்.

வைலர் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் படம் எடுத்தார். 1959 இல் வந்த ‘பென்ஹர்’ பதினொரு ஒஸ்கார்களை வாங்கியது. 1981 ஜூலை 27 அன்று லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அதற்கு மூன்று நாட்கள் முன்புதான் தன் மகள் கதரினுக்கு ஒரு நீண்ட பேட்டி கொடுத்திருந்தார். அதே மகள் 1990 இல் ‘மெம்பிஸ் பெல்’ என்ற பெயரிலேயே ஒரு கதைப்படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர். அதன் படப்பிடிப்பின்போதும் இங்கிலாந்தில் ஒரு பழைய பீ-17 ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகி எரிந்தது. உள்ளே இருந்த அனைவரும் உயிர் தப்பினார்கள்.

உண்மையான மெம்பிஸ் பெல் 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டேற்றன் நகரின் விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருக்கிறது. வைலரும் குழுவும் எடுத்து, படத்தில் சேர்க்காமல் விட்ட சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருந்தன. மணிக்கணக்கான காட்சிகள். அவற்றைத் துப்புரவாக்கி அதே 2018 இல் ‘த கோல்ட் புளூ’ என்ற படமாக்கினார்கள். அதில் சண்டையை விடக் காத்திருப்புத்தான் அதிகம். தளத்தில் நிற்கும் தரைப்பணியாளர்கள் அண்ணாந்து பார்த்துத் திரும்பி வரும் விமானங்களை எண்ணுகிறார்கள்.